குழாயைத் தொட்டுப் பார்க்கும் அய்யூப் பாய்

சிங்கப்பூர் போகும் சாலையில், ஸ்கூடாய் ஊர் வருவதற்குள் மூன்றாவது தடவையாகக் காரை ஓரங்கட்டி, இன்ஜின் மூடியைத் தூக்கி, ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார் அய்யூப் பாய். பிறகு குழாயின் அடியில் விரலை ஓட்டி, ஈரமில்லை என்று தமக்குத் தாமே தலையாட்டிக்கொண்டார். "நேரமாச்சு பாய்" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த தனலெட்சுமி.

கூலாயில் வாடகைக் கார்கள் நிற்குமிடத்தில் இது ஊரறிந்த சங்கதி. "பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னாக்கூட மனுசன் இப்படித் தொட்டுப் பாக்கமாட்டார்லா" என்பான் இன்னொரு டிரைவரான மூர்த்தி. கட்டம் போட்ட கைலி, அதன்மேல் நான்கு விரல் அகலத் தோல்வார், சட்டைப் பையைக் கிழித்துக்கொண்டு நிற்கும் குறடு, இதுதான் அய்யூப் பாய். இருக்கைக்கு அடியில் இரண்டு தகரம் தண்ணீர், கம்பிச் சுருள், சைக்கிள் டியூபிலிருந்து அறுத்த பட்டைகள். ரேடியேட்டர் மூடியின் உச்சியில் சூடு காட்டும் சின்னக் கண்ணாடி உண்டு. சூடேற ஏற அதில் சிவப்புக் கோடு ஒன்று உயரும். மற்றவர்கள் சாலையைப் பார்த்து ஓட்டுவார்கள். இவர் அந்தக் கோட்டைப் பார்த்து ஓட்டுவார். புதுக் குழாய்க்கு சிங்கப்பூர்க் கடையில் சொல்லிவைத்து ஏழு வாரம். கேட்கும்போதெல்லாம் "கப்பல்ல வருது பாய்" என்ற ஒரே பதில்.

அன்றைக்கு அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. ரப்பர் விலை விழுந்து, தோட்டத்தில் பாதிப் பேரை வேலையிலிருந்து பேர் வெட்டி ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். தனலெட்சுமியின் புருஷன் கனகராஜும் ஐந்து வயது மகளும் மூன்று நாள் முன்பே மற்றவர்களோடு சிங்கப்பூர் போய்விட்டார்கள். மலேரியாவில் கிடந்த இவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரி அன்று காலையில்தான் விட்டது. துறைமுகத்துக் கேட்டை மூன்று மணிக்குச் சாத்திவிடுவார்கள். சாத்திவிட்டால், கப்பல் பட்டியலில் பேர் இருக்கிற புருஷனும் பிள்ளையும் நாகப்பட்டினத்துக்குப் போவார்கள். இவள் இங்கே நிற்பாள். தோட்டத்தில் குடியிருந்த லயத்து வீட்டையும் பூட்டியாகிவிட்டது.

ஸ்கூடாய் தாண்டி ஒரு மைல் போயிருக்காது, சிவப்புக் கோடு விறுவிறுவென்று ஏறியது. முன்னால் குப்பென்று ஆவி.

"அலாமாக்!" என்று கத்திக்கொண்டே இறங்கினார். இன்ஜின் பக்கத்து நுனியில் குழாய் ஒரு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை நுனியை அறுத்து மாட்டிய குழாய். இன்னொரு தடவை அறுத்தால் எட்டாது.

தனலெட்சுமி தண்ணீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ஊத்துங்க பாய், மணி ஒண்ணாச்சு!"

"ஊத்தக்கூடாது தங்கச்சி. கொதிக்கிற இன்ஜின்ல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சிரும். அப்புறம் நடந்துதான் போவணும். ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"அர மணி."

அவள் தகரத்தை வைத்துவிட்டுச் சாலையோரத்தில் குந்தினாள். பாய் காரின் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். விட்டால் அவையே மூடியைத் திறந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். காரணமில்லாமல் பத்துத் தடவை நிற்கிற மனுஷருக்குக் காரணத்தோடு ஒரு தடவை நிற்பது பெரும்பாடாக இருந்தது.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்த வீரமுத்து என்ற ரப்பர்ப் பால் வெட்டுக்காரர் இறங்கி எட்டிப் பார்த்தார். மூட்டையிலிருந்து ஒரு ரப்பர் ஷீட்டை உருவினார். "இதக் கிழிச்சுச் சுத்துங்க பாய். நம்ம ஊர்ல ரப்பருக்கா பஞ்சம்?"

"இது பச்ச ரப்பருங்க. சூடு பட்டா வெல்லப் பாகாட்டம் உருகிரும். போன வருசம் ஒரு தடவ நம்பிச் சுத்தி, பொழுது சாயுற வரைக்கும் நடுரோட்ல கெடந்தேன். சீமைக்குப் போயி, அங்க வேகவச்சுத் திரும்பி வந்தாத்தான் குழாயி."

தனலெட்சுமி அந்த ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்து வருசம் பால்மரம் வெட்டுனேன் பாய். ஒரு சாண் குழாய்க்கு ஒதவலியே" என்றாள். வீரமுத்து ஷீட்டை மடித்து மூட்டைக்குள் திணித்தார்.

அரை மணி ஆனதும் பாய் துணியைச் சுற்றி மூடியைத் திறந்தார். பிளவின்மேல் டியூப் பட்டையை இழுத்து இழுத்துச் சுற்றிக் கம்பியால் முறுக்கினார். இன்ஜினை ஓடவிட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பட்டையின் ஓரத்தில் தண்ணீர் கொப்பளித்தது. கம்பி டியூபையே அறுக்கிறது. மேலே அழுத்திப் பிடிக்க அகலமாக ஏதாவது வேண்டும்.

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இடுப்பு வாரை உருவினார். கைலி நழுவ, ஒரு கையால் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு, டியூபின்மேல் வாரை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். நுனி விசிறியில் சிக்காதபடி உள்ளே செருகி, மேலே கம்பி போட்டார். கொப்பளிப்பு நின்றது. இரண்டாவது தகரத்தையும் ஊற்றி முடித்தபோது மணி ஒன்றே முக்கால். இனிக் கைவசம் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சிங்கப்பூருக்குள் போகும் ஜொகூர் பாலத்தில் அவருடைய கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று.

"நிறுத்தாதீங்க பாய்."

"ஒரு வாட்டி தொட்டுப் பாத்துர்றேன் தங்கச்சி."

"வேணாம் பாய். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நிறுத்தவில்லை. சிவப்புக் கோடு பாதிக்குமேல் ஏறி அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்ட, உதட்டுக்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். அத்தனை மைல் நிற்காமல் அவர் ஓட்டியது அதுதான் முதல் தடவை.

தஞ்சோங் பகார் துறைமுகத்துக் கேட்டின் ஒரு கதவைச் சாத்திவிட்டார்கள். மற்றக் கதவைப் பிடித்துக்கொண்டு, மகளைத் தோளில் வைத்தபடி, காவல்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான் கனகராஜ். கார் நிற்குமுன்பே தனலெட்சுமி குதித்து ஓடினாள். "அம்மா!" என்று பிள்ளை தாவியது. கதவுக்கு உள்ளே போனபிறகுதான் அவளுக்குப் பாயின் நினைவு வந்தது. திரும்பி, பிள்ளையை இடுக்கியபடியே இரண்டு கைகளையும் கூப்பினாள்.

பதிலுக்குத் தூக்க அய்யூப் பாயிடம் கை மிச்சமில்லை. ஒன்று கைலியைப் பிடித்திருந்தது. மற்றது, இறங்கியதுமே திறந்த இன்ஜினுக்குள், ஆவி பறக்கும் வாரின்மேல் இருந்தது. உள்ளங்கை சுட்டது. கேட்டின் இரண்டாவது கதவும் சாத்தப்படும்வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.