கடிபட்ட வாலோடு மட்டாஞ்சேரிக்கு

மீனோடு பயணம் போகும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் (இருக்கமாட்டீர்கள், தெரியும்) இது உங்களுக்கு. போன மாதம் மட்டாஞ்சேரியில் நண்பர் வீட்டுக் கல்யாணம். சனி, ஞாயிறு இரண்டு நாள். கோவையில் என் ஒன்பதாம் வகுப்போ ஒரு வரிமீனின் வாலை அளந்துகொண்டிருந்தது. தொட்டியில் இன்னொரு மீன் கடித்த வால். இரண்டு வாரத்தில் திரும்ப முளைக்கும். தினமும் காலை ஏழு மணிக்குப் படம், அளவு, பதிவேடு. ஒரு நாள் விட்டாலும் முப்பத்திரண்டு பேரும் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

ஆகவே மீனும் வந்தது. அகன்ற வாய் ஊறுகாய் ஜாடி, மூடியில் ஐந்து துளை. ரயில் நாலு மணி நேரம். எறணாகுளத்திலிருந்து ஆட்டோ, பத்து கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். பள்ளத்துக்குப் பள்ளம் மெதுவாகப் போகச்சொல்லிக் கெஞ்சினேன். பின்னால் கர்ப்பிணி யாராவது இருக்கிறார்களா என்று ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

தங்கியது லலிதா மாமி வீட்டு மாடியில். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அறை எண்ணூறு ரூபாய், இட்டிலி உட்பட.

ஞாயிறு காலை பார்த்தால் வால் முழுசாக இருக்கிறது! பதினெட்டு வருடமாக உயிரியல் நடத்துகிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் நம்பிவிட்டேன். பதிவேட்டில் 'முழு வளர்ச்சி' என்று எழுதி, கொச்சித் தண்ணீரின் மகிமை என்று வகுப்புக் குழுவில் படமும் போட்டேன். ஒரே கைதட்டல். நஸ்ரின் என்ற மாணவி மட்டும் எழுதினாள்: "சார், நம்ம மீனுக்கு மூணாவது கோடு நடுவுல உடைஞ்சிருக்கும். இது வேற மீன்."

ஜாடியோடு கீழே ஓடினேன். மாமிக்கு ஏகப் பெருமை. "நீங்க கல்யாணத்துக்குப் போனப்போ பாத்தேன். வாலில்லாத மீனை உங்க தலையில கட்டிட்டான்னு முக்குல இருக்கிற வளர்ப்பு மீன் கடைக்காரன்கிட்ட சண்டை போட்டு மாத்திண்டு வந்தேனாக்கும்."

நான் அந்தக் கடைப் பக்கமே போனதில்லை. கடை திறப்பது பத்து மணிக்கு. யாருக்காவது விற்றிருந்தால்? பெரிய மீனுக்குப் போட்டிருந்தால்? பத்து மணிக்கு முன்பே ஜாடியோடு கடை வாசலில் நின்றேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், எங்கள் மீனைத் தனியாக ஒரு கண்ணாடிக் கிளாசில் வைத்திருந்தார். "ஞான் அப்பவே பறஞ்ஞதாணு சாரே, வால் தன்னால வளரும்னு. மாமி கேட்டாத்தானே."

மீனோடு போகிறவர்கள் ஜாடியில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். 'மாற்ற வேண்டாம்' என்று சீட்டு ஒட்டுங்கள், மலையாளத்திலும். கருணையுள்ள ஊர் இது, ஜாக்கிரதை.

உடைந்த கோட்டைச் சரிபார்த்து, வால் இரண்டரை மில்லிமீட்டர் என்று எழுதினேன். மேலே இருந்த 'முழு வளர்ச்சி'யை அடித்தேன். அடித்தால் காரணம் எழுத வேண்டும், அது வகுப்பில் நானே போட்ட சட்டம். எழுதினேன்: 'ஆசிரியர் வாலை மட்டும் பார்த்தார், மீனைப் பார்க்கவில்லை.'