கழுவிவிட்ட மொட்டை மாடி

அரியலூருக்கு மேற்கே, சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையை ஒட்டி எங்கள் வீடு. காலையில் தண்ணீர்த் தொட்டியின் மூடியில் விரலால் கோடு இழுத்துப் பார்ப்பேன். தூசி எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், மனைவி எத்தனை முறை இன்ஹேலர் எடுத்தாள் என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிவைப்பேன். மூன்று வருடத் தாள்களைச் சேர்த்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். தூசி வரம்பு மீறியிருப்பதாகக் கருவி காட்டினால் லாரிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிடுவதாகப் பதில் வந்தது. கருவியை எங்கள் மாடியில் ஒரு நாள் முழுக்க வைப்பார்கள்.

பங்குனியில் ஒரு புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அன்று காலை தாள்களை நகலெடுக்க டவுனுக்குப் போய்ப் பத்தரைக்குத் திரும்பினேன். தெருவே நனைந்து கிடந்தது. எதிர்வீட்டுப் பெண் ரப்பர் குழாயால் வேப்பமரத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அந்த மரம் அத்தனை பச்சை என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"அண்ணே, ரோட்டுக்கும் ரெண்டு நடை டேங்கர் அடிச்சாச்சு!" என்றாள் பெருமையாக.

மாடியில் மனைவி சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து முடித்திருந்தாள்.

"ஆபீசருங்க வூட்டுக்கு வராங்க. அழுக்கு மாடியவா காட்றது?"

"அவங்க அளக்க வர்றதே அந்த அழுக்கத்தான்."

அவள் முகம் செத்துப்போனது.

கருவியோடு வந்த இருவரிடமும் நடந்ததைச் சொன்னேன்.

"புரியுதுங்க சார். இன்னைக்கு வேணாம்னு எழுதிக் குடுங்க, எடுத்துட்டுப் போயிடறோம். மறுபடி எப்ப வரும்னு மட்டும் சொல்ல முடியாது."

மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும், லாரிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். விதிமுறைகளை வரி விடாமல் படித்த நான்தான் போட்டேன். வையுங்கள் என்று கையெழுத்தும் இட்டேன்.

சாயங்காலம் மறுபடி வாளிகள் வெளியே வந்தன. தெளிக்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

"வாசல் தெளிக்காம வெளக்கு வைக்கிறதா? நல்லாருக்கே நீங்க சொல்றது!" என்று சிரித்தார்கள்.

வைகாசியில் கடிதம் வந்தது. தூசி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது. லாரிப் பாதையை மாற்றத் தேவையில்லை. பசுமையைப் பெருக்க இத்துடன் மரக்கன்றுகள் அனுப்பப்படுகின்றன.

"என்னங்க, பெயிலாயிட்டமா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்ல. பாஸ் பண்ணிட்டோம்."

அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.