தடவுகிற பாட்டிலும் குடிக்கிற பாட்டிலும்

கம்பவுண்டர் வேலையில் மருந்தைக் கலப்பது சுலபம். அது வீட்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று நினைத்தால்தான் வயிற்றைக் கலக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சீட்டு

ஐம்பதுகளில் ராயபுரத்தில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி. பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். மீன் விற்கும் எல்லம்மா, காய்ச்சலும் சிரங்குமாகக் கிடந்த மகனுக்காக இரண்டு கொண்டுவந்தாள். இரண்டும் ஒரே அச்சு. ஒன்றில் காய்ச்சல் மிக்சர், மற்றதில் சிரங்குக்குத் தடவும் மருந்து. அது வயிற்றுக்குள் போனால் பிள்ளை பிழைப்பதே கஷ்டம். அதனால் சிவப்புச் சீட்டு ஒட்டி அனுப்பினேன். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டாள்.

"சீட்டு கூடைல கீது நைனா. மீன் தண்ணில கயண்டுகிச்சு. எந்த பாட்டில்துன்னுதான் தெரில."

மண்டை ஓடு

மோந்து பார்த்துப் பிரித்துக் கொடுத்தேன். இம்முறை தடவும் பாட்டில் மேலேயே பெயிண்டால் மண்டை ஓடு வரைந்தேன். படம் யாருக்கும் புரியும் என்று எனக்கு ஒரே பெருமை. மறுவாரம் அவள் தெருப்பக்கம் போனால், பாட்டில் வாசல் நிலையில் தொங்குகிறது. பையன் கீழே உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கிறான்.

"புள்ளைக்கி கண்ணுதான் பட்டுகீது. நீ திருஷ்டிக்கு எழுதிக் குடுத்தது நல்லதாப் போச்சு நைனா!"

முடிச்சு

கண்தானே ஏமாறுகிறது, கை ஏமாறாது என்று, தடவும் பாட்டிலின் கழுத்தில் வலைக்கயிற்றை முடிச்சு முடிச்சாகக் கட்டினேன். எல்லம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் வியாபாரத்துக்குப் போன நேரம், கட்டுமரத்திலிருந்து திரும்பிய புருஷன் அதைத்தான் மகனுக்கு ஒரு மடக்கு புகட்டிவிட்டான்.

பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். டாக்டர் உடனே வயிற்றைக் கழுவினார். பையன் பிழைத்தான். புருஷன் மூலையில் அழுதுகொண்டு நின்றான்.

"முடிச்சு போட்டு கீதே, தர்காவுல மந்திரிச்சதுன்னு நெனச்சேன் சார். அதான் மொதல்ல அத்தக் குடுத்தேன்."

கொட்டாங்கச்சி

டாக்டரைக் கெஞ்சித் தடவும் மருந்தைக் களிம்பாக மாற்றினேன். கொட்டாங்கச்சியில் அப்பிக் கொடுத்தேன். பாட்டிலும் இல்லை, சீட்டும் இல்லை, ஊற்ற வழியும் இல்லை. ஆனாலும் பயம் விடவில்லை. "இதை என்ன செய்யணும், சொல்லு பார்ப்போம்" என்றேன். எல்லம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இத்தப் போயி யாராச்சும் குடிப்பாங்களா? இன்னா நைனா, ஒனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

மண்டை ஓடு, முடிச்சு, கொட்டாங்கச்சி, மூன்று தடவையும் அவர்கள் தெளிவாகத்தான் இருந்தார்கள் என்றால், குழம்பியது யார் என்பதில்தான் எனக்கு இன்றுவரை குழப்பம்.