ஒத்தையா, கோர்வையா?

என் வீட்டுக்காரர் கப்பலில் இன்ஜின் அறை வேலை பார்க்கிறவர். ஏறினால் ஒன்பது மாதம். போன வருஷம் ஜூலையில் ஏறச் சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் கிறிஸ்துமஸுக்கு ஆள் இல்லை. எனக்கு வந்ததே கோபம்! ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் நான்தான் கீபோர்டு. கிறிஸ்துமஸ் ராத்திரி குழந்தை இயேசுவின் குடிலைத் திறக்கும்போது பாடும் அந்த வருஷப் பாட்டுக்கு மெட்டும் நான்தான். அதன் நடுவில் ஒரு கனத்த ஆண்குரல் தனியாக நான்கு வரி பாட வேண்டும். அவர் குரலை மனதில் வைத்துத்தான் அதைப் போட்டிருந்தேன்.

அவருக்குக் குரல் உண்டு, தாளம்தான் கிடையாது. பின்வரிசையில் நின்றுகொண்டு, எல்லோரும் தொடங்கி அரைத் தாளம் ஆன பிறகு ஆடி அசைந்து வந்து சேருவார். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவர் ஊரில் இருக்கையில் இதற்காக நான் கத்தாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

கம்ப்யூட்டரில் பாட வைக்கும் ஒரு மென்பொருள் என்னிடம் இருக்கிறது. ஒருவருடைய குரலில் எழுத்துகளைப் பதிந்து கொடுத்துவிட்டால், நாம் எழுதும் மெட்டையும் வரியையும் அதே குரலில் பாடிக் கொடுக்கும். அவர் கிளம்பப் பத்து நாள் இருந்தது. குழுவை நடத்தும் டீச்சரம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"மெஷின் எல்லாம் குடில் முன்னாடி பாடக்கூடாதும்மா. மனுஷன் பாடற மாதிரி என் காதுக்குப் பட்டா விடறேன். இல்லன்னா வேற ஆளப் போடு" என்றார்.

வேறு ஆளையா? என் உயிர் போனாலும் மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

குரலைப் பதிய இரண்டு வழி. ஒன்று, ஒத்தை. க, கா, கி என்று ஒவ்வொரு எழுத்தாகத் தனித்தனியே பாட வேண்டும். அரை நாளில் முடிந்துவிடும். இன்னொன்று, கோர்வை. கா-கி-கூ-கே என்று ஒரே மூச்சில், ஒரே சுருதியில், விடாமல் பாட வேண்டும். ஒரு எழுத்து அடுத்ததற்குள் எப்படி வழுக்கிப் போகிறது என்பதும் பதிவாகும், பாட்டு இழைந்து வரும். ஆனால் பட்டியல் அனுமார் வால்.

"இன்னாம்மே, இந்த வயசுல ஒன்னாங்கிளாஸ் புள்ளையாட்டம் குந்த வெச்சு அ, ஆ சொல்லச் சொல்ற? சீக்கிரமா முடியறது எதுவோ அத்த போடு" என்றார் வீட்டுக்காரர். ஒத்தைதான் என்று முடிவானது.

எங்கே பதிவது? வீட்டு வாசலில் நாள் முழுக்கக் கன்டெய்னர் லாரி. ஞானஸ்நானம் முதல் கல்யாணம் வரை கோயிலிலேயே பாடி வளர்ந்தவர்கள் நாங்கள். குரல் நன்றாகக் கேட்கும் இடம் என்றால் எங்கள் இருவருக்கும் தெரிந்தது அது ஒன்றுதான். ஒரு மதியம், ஆளில்லாத நேரத்தில் போய்ப் பீடத்துக்கு முன்னால் மைக்கை வைத்தோம். அவர் "கா" என்றால் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. ஆஹா, என்ன குரல் என்று நானே சொக்கிப்போனேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பாட வைத்தால், கர்மம்! ஒவ்வொரு எழுத்தும் கோயில் எதிரொலியைக் கூடவே கூட்டி வந்திருந்தது. அது அடுத்த எழுத்தின் மேல் விழ, அதன் எதிரொலி அதற்கடுத்ததன் மேல் விழ, கிணற்றுக்குள் ஒன்பது பேர் சண்டை போடுவதுபோல் இருந்தது. அது போதாதென்று, ஒத்தை எழுத்துகள் விக்கல் எடுத்தவன் பேசுவதுபோல் வெட்டி வெட்டி வந்தன. மூன்று நாள் வீண். உட்கார்ந்து அழுதேன்.

என் தம்பி டிரெய்லர் லாரி ஓட்டுகிறான். அன்று சாப்பிட வந்தவன் கேட்டான். "இன்னாத்துக்கு அழுவுற? என் வண்டி கேபினுக்கு வாக்கா. போன் பேசினா என் கொரலே எனக்கு செத்தா மாதிரி கேக்கும்."

துறைமுகத்துக்குள் போக முறை வரும்வரை எர்ணாவூர்ப் பக்கம் ஒரு யார்டில் அவன் வண்டி வரிசையில் நிற்கும். ஏறிப் பார்த்தேன். ஸ்பாஞ்சு மெத்தை, கனத்த திரை, சீட்டுக்குப் பஞ்சு உறை. கையைத் தட்டினேன். சத்தம் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான். மறுபடியும் முதலிலிருந்து என்றால் அரைகுறையாக எதற்கு? கோர்வையே போடுவோம் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், மறுக்கவில்லை.

ஐந்து நாள். இன்ஜின் ஓடினால் இரைச்சல், அதனால் ஏசி கிடையாது. அவர் பனியனோடு, தோளில் துண்டோடு, காதில் தாளம் தட்டும் ஹெட்போனோடு "கா-கி-கூ-கே" என்று வியர்த்துக் கொட்டினார். கீழே தம்பி காவல். "அண்ணாத்தே, ஆரன் அடிக்காத! எங்க மாமா உள்ள பாடிகினு கீறாரு!" வரிசை நகர்ந்தால் வண்டியை எடுத்து இருபது அடி தள்ளி நிறுத்தினான். பிறகு மறுபடியும் "கா-கி-கூ-கே". இத்தனை நாள் நாங்கள் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்கார்ந்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

ஹெட்போனில் தாளம் போனாலும் மனிதர் ஒவ்வொரு கோர்வையையும் லேட்டாகத்தான் தொடங்கினார்.

"யோவ், காது கேக்குதா இல்லியா?"

"கேக்குது, கேக்குது. வந்துகினு கீறேன் இல்ல?"

பத்தாம் நாள் கப்பல் ஏறப் போய்விட்டார். ஒவ்வொரு எழுத்தும் எங்கே தொடங்குகிறது என்று கம்ப்யூட்டரில் குறி போடும் வேலை எனக்கு மிச்சம். ஆபீஸ் விட்டு வந்து தினம் கொஞ்சம் என்று மூன்று மாதம் செய்தேன். அவர் பிந்திய இடத்தையெல்லாம் இழுத்து இழுத்துத் தாளத்தில் நிறுத்தினேன். கடைசியில் அந்த நான்கு வரியைப் பாட வைத்தேன். இழைந்து வந்தது, ஒரு பிசிறில்லை. ஆனால் எனக்குப் பிடிக்கவே இல்லை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி யாரோ ஒருத்தர் பாடினார். குரல் அவருடையதுதான், ஆள் இல்லை.

எதற்கும் பார்ப்போம் என்று நான்கு வரியின் தொடக்கத்தையும் அரைத் தாளம் தள்ளி வைத்தேன். வந்துவிட்டார் மனிதர்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பதினொரு வருஷம் எதற்காகத் திட்டினேனோ அதையே என் கையால் செய்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஒத்திகை. குழு பாடியது. டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டு மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் அந்த இடம் வந்தது. ஸ்பீக்கரை இயக்கினேன். முதல் வரி எழும்பியதுதான் தாமதம், டீச்சரம்மா மேஜையை ஓங்கித் தட்டினார்.

"எத்தினி தபா சொல்றது இவனுக்கு? இப்பவும் லேட்டு!"

சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்து பின்வரிசையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. ஸ்பீக்கர் மட்டும் நான்கு வரியையும் பாடி முடித்தது.

"இந்த இடத்தை முன்னாடி இழுத்துடட்டுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"தொடாத" என்றார். "அவன் அப்படித்தான் பாடுவான்."