திட்டு விழாத டாக்டர்

எங்கள் பேராசிரியை எல்லாரையும் திட்டுவார், என்னைத் தவிர. பயிற்சியில் சேர்ந்த புதிதில் இதைப் பெருமையாக நினைத்தேன். அப்புறம்தான் அது உறுத்த ஆரம்பித்தது.

நோயாளி பார்க்கும் டாக்டர்களுக்கு ஆராய்ச்சியும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அது. ஆராய்ச்சிப் பக்கமே எட்டிப் பார்க்காத குடும்பங்களிலிருந்து வருகிறவர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. மலையாள நாட்டில் பொன்முடிப் பக்கம், தேயிலைத் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அரசு ஆஸ்பத்திரியில் இருமலுக்கும் காய்ச்சலுக்கும் எழுதிக்கொடுத்தே நரைத்துப்போன எனக்கு அதில் ஓர் இடம் கிடைத்தது. கூடப் படிப்பவர்கள் என்னை அங்கிள் என்று கூப்பிடாதது அவர்கள் பெருந்தன்மை.

வாரம் ஒருவர் எழுந்து பேச வேண்டும். பேராசிரியை ஊரின் பழைய கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரத்துக்காரர், என்னைவிட இளையவர். பேசுகிறவர் சறுக்கினால் கண்ணாடியைக் கழற்றுவார். கழற்றினால் அன்றைக்கு அந்த ஆள் காலி. நான் பேசும்போது மட்டும் கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். "நன்னாருக்கு, டாக்டர்." அவ்வளவுதான். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் முதலில் என்னைத்தான் காட்டுவார்கள். போட்டோவிலும் நான்தான் நடுவில். எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாண வாசலுக்கு வாழைமரம் மாதிரி இந்த இடத்துக்கு நான்.

வீட்டில் சொன்னேன்.

"யாரும் திட்டலைன்னு சோறு இறங்காத ஆளை இப்பத்தான் பாக்கறேன் கேட்டோ" என்றாள் மனைவி.

"திட்டலைன்னா மதிக்கலைன்னு அர்த்தம்டி."

"அப்படின்னா நான் உங்களை ரொம்பவே மதிக்கறேன்."

அடுத்த வாரம் என் சொந்த ஆராய்ச்சித் திட்டத்தைச் சொல்ல வேண்டும். அதற்கும் 'நன்னாருக்கு' என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்தேன். சோதித்துப் பார்க்க ஒரு தூண்டிலும் போட்டேன். தோட்டத்துப் பெண்களின் இரத்தசோகை பற்றிய திட்டம் அது. பெண்களுக்கான ஹீமோகுளோபின் அளவு வர வேண்டிய இடத்தில், வேண்டுமென்றே ஆண்களுக்கான அளவைப் போட்டு வைத்தேன். கல்லூரியில் காலெடுத்து வைத்தவன்கூடப் பிடித்துவிடுவான்.

அந்த ஸ்லைடு வந்தது. அவர் பார்த்தார். கண்ணாடி அசையவில்லை. கதை முடிந்தது என்று மனதுக்குள் ராஜினாமாக் கடிதத்தை மலையாளத்தில் எழுதியபடியே அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் மஸ்டர் இடத்தில் நின்று, வந்திருக்கும் பெண்களுக்கெல்லாம் இரத்தம் எடுப்பேன் என்றேன்.

கண்ணாடி கழன்றது.

"வேலைக்கு வந்தவாளை மட்டும்தானே பாப்பேள்? எழுந்துக்கவே முடியாம ஆத்துல படுத்துண்டிருக்கறவா?"

திரையில் இருந்த 'மஸ்டர்' என்ற சொல்லைத் திரும்பிப் பார்த்தேன்.

"சோகை ஜாஸ்தியா இருக்கறவாளை விட்டுட்டு, தோட்டத்துல எல்லாரும் சௌக்கியம்னு எழுதப் போறேளா? அங்கேயே பொறந்தவர் நீங்கோ. ஒங்களுக்குமா தோணலை?"

மஸ்டருக்குப் போக முடியாமல் அம்மா லயத்தில் சுருண்டு கிடந்த காலைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குத்தான் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. உள்ளே ஒருத்தன் மட்டும் மானமில்லாமல் விசிலடித்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் போனதும் என்னை நிறுத்தினார்.

"அந்த ஹீமோகுளோபின் தப்பையும் பாத்தேன். டாக்டருக்குப் படிச்சவா அதைத் தெரியாம பண்ண மாட்டா. என்னை ஆழம் பாக்கறேளா?"

"இல்ல மேடம்." குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. "ஆமா மேடம்."

"இத்தனை நாளும் நன்னாருந்தது, நன்னாருக்குன்னேன். என்மேல பட்ட சந்தேகத்துல பாதி ஒங்க திட்டத்துமேல பட்டிருக்கலாம். திருத்தி நாளைக்கே கொண்டு வாங்கோ."

மற்றவர்களுக்கெல்லாம் ஒரு வாரம் கொடுப்பார். எனக்கு மட்டும் ஏன் ஒரே நாள்? கிழக்கேகோட்டையில் பஸ் ஏறும்வரை அதைப் போட்டுக் குடைந்தேன். உட்கார இடம் கிடைத்ததும் பேனாவை எடுத்தேன். மஸ்டர் என்று இருந்ததை அடித்துவிட்டு, லயங்களில் வீடு வீடாகப் போவது என்று எழுதினேன்.

போனால் மட்டும் ஆயிற்றா? படுத்துக் கிடப்பவள் கதவைத் திறப்பாளா? வேலைக்கு வராததற்குத் தோட்ட ஆபீஸிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பாள். அம்மாவாக இருந்தால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டிருப்பாள். அந்த வாசலில் நின்று முதலில் என்ன சொல்வது? எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன்.