ஏழுமலைக்குக் கடைந்த பேனா

இன்று திருவள்ளூர் மின்சார ரயிலில் எதிர் சீட்டில் எங்கள் பழைய மேனேஜர். எழுபதுகளில் அவருடைய பட்டறையில் மரப்பேனா கடைந்தவன் நான்.

"இன்னாய்யா, நம்ம ஏழுமலைய வேலையவுட்டு அனுப்பசொல்லோ ஒரு பேனா கடைஞ்சியே, ஞாபகம் கீதா? இப்ப எவன் அப்டி குடுக்குறான்?" என்றார், பெட்டி முழுக்கக் கேட்கும்படி.

மறக்குமா? ஏழுமலையின் வலக்கை விரல்களைத் தின்ற அதே லேத்தில்தான் அதைக் கடையச் சொன்னார். கருங்காலி மரம், மூடியில் பூவேலை. மாலை போட்டு, பேனாவை அவன் சட்டைப்பையில் செருகி, கைதட்டி வேலையைவிட்டு அனுப்பினார்.

"நல்லா எழுதுச்சாமா?"

"மூடியவே தொறக்க முடியலயாம் சார்."

"மரைய டைட்டா வெட்டிட்டியா? உன் வேலையே அப்டித்தான்யா!"

ஒற்றைக் கையால் திறக்கிற மூடியை எப்படிக் கடைவது? தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.