வாய் உடைந்த நீலச்சங்கு

ரீசேர்ட் சட்டைகளில் படம் அச்சடிக்கிற தொழிலில் கையில் பட்ட மை கழுவினால் போய்விடும், அடித்த படம்தான் ஆளை விடாது. இதே தொழிலில் அவதிப்படுகிற உங்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

முதல் ஓடர்

ஊர்காவற்றுறையில் இருக்கிற என் கடைக்கு மண்டைதீவு ஆசிரியை நிரஞ்சனா வந்தா. 'நீலச்சங்கு' என்ற போத்தல் தண்ணீர்க் கம்பனி அங்கே ஆழக் குழாய் இறக்கியதிலிருந்து ஊர்க் கிணறுகள் உவர்த்துக்கொண்டு வந்தன. போத்தலில் இருக்கிற அதே சங்கை ரீசேர்ட்டில் போட்டு, கீழே 'எங்கட கிணறு, உங்கட போத்தல்' என்று அடிக்கச் சொன்னா. அந்தச் சங்கின் வாயோரம் மூன்று இடத்தில் உடைந்திருந்தது. விற்கிற சாமானுக்கு உடைந்த சங்கை ஆராவது போடுவார்களா என்று கேட்டேன்.

"உடைஞ்சதையும் அப்படியே கீறுங்கோ அண்ணை. ஒரு கோடு பிழைச்சாலும் சனத்துக்கு விளங்காது."

பதிவுத் தபால்

ரீசேர்ட் அணிந்த படங்களை ஊர்க்காரர் தங்கட முகநூல் பக்கத்தில் போட்டார்கள். நாலாம் நாள் அந்தப் பக்கமே காணாமற்போனது. வியாபாரக் குறியைக் களவாடியதாகக் கம்பனியின் முறைப்பாடாம். அடுத்தநாள் எனக்குக் கம்பனிச் சட்டத்தரணியின் கடிதம். உள்ளே ஒரு புகைப்படம்: சங்கை அடித்த அச்சு மரச்சட்டம் என் பின் அறைச் சுவரில் தொங்குகிறது.

அந்த அறைக்கு யன்னல் இல்லை. பூட்டின் திறப்பு என்னிடம் மட்டும்தான். சட்டத்தரணிக்குப் போன் எடுத்தேன். படத்தை ஆர் எடுத்தது என்று கேட்டேன். கம்பனியை நக்கலடிக்கச் சனத்துக்கு உரிமை இல்லையா என்றும் கேட்டேன். முதல் கேள்வி காதில் விழாத மாதிரியே பேசினார்.

"பேச்சுச் சுதந்திரம் எல்லாம் சரி தம்பி. சங்கு எங்கட. எங்களுக்கு முதல் அதை ஒருத்தரும் கண்டதில்லை."

ஸ்தெல்லா அக்கா

மிஞ்சின ரீசேர்ட் ஒன்று கடை வாசலில் தொங்கியது. மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஸ்தெல்லா அக்கா அதைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றா. அவவின் கணவர் மரியதாஸ் ஆறு வருடத்துக்கு முன் தனியாகக் கடலுக்குப் போனவர். ஆளும் வரவில்லை, வள்ளமும் கரை ஒதுங்கவில்லை.

அவ தன் போனில் ஒரு படம் காட்டினா. புது வள்ளம், முன்பக்கத்தில் நீலச் சங்கு, வாயோரம் மூன்று உடைவு. காணாமற்போன அன்று, கரைக்கு ஒருவரும் வரமுதல் விடியக் கீறி, பெயின்ற் காய முதல் வள்ளத்தைத் தள்ளினாராம். அந்தப் படத்தை அவ அதுவரை ஒருவருக்கும் காட்டியதில்லை. கம்பனி தொடங்கியதே அதற்குப் பிறகுதான். அவ என்னைப் பார்த்துக் கேட்டா.

"அப்ப தம்பி, கடலில வைச்சு அந்த வள்ளத்தைக் கண்டது ஆர்?"

பதில்

நிரஞ்சனா, ஸ்தெல்லா அக்கா, நான் மூன்று பேரும் சேர்ந்து கம்பனிக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி, வள்ளத்தின் படத்தையும் அனுப்பினோம்: இந்தச் சின்னத்தைக் கீறியவர் ஆர்?

ஒரு கிழமைக்குள் முறைப்பாட்டை மீளப்பெற்றார்கள். முகநூல் பக்கம் திரும்பி வந்தது. கடைகளில் பழைய போத்தல்களை அள்ளிக்கொண்டு போய், வெறும் நீலத் துளி போட்ட புதுப் போத்தல்களை அடுக்கினார்கள். கீறியவரின் பெயர் மட்டும் வரவில்லை. சட்டத்தரணியின் போன் இலக்கமும் இப்போது பாவனையில் இல்லை என்று குரல் வந்தது. வென்றுவிட்டோம் என்று சந்தோசப்பட ஏலாமல் நிரஞ்சனா நின்றா. ஸ்தெல்லா அக்கா சங்கு போட்ட போத்தல் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து, பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் புறப்பட்டா.

"நீங்கள் கிணத்துக்கு நல்ல தண்ணியைக் கேளுங்கோ பிள்ளை. நான் என்ர மனுசனைக் கேக்கிறன்."

வென்ற பிறகும் தபால்காரரின் சைக்கிள் மணிக்குத் திடுக்கிடுகிற அச்சுக்காரன் இந்தத் தீவுகளில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.